கோப்பைகளை எண்ணினால் போதுமா?

ஐ.பி.எல். பருவம் வந்துவிட்டால் வில்லியனூரிலும் பாகூரிலும் தேநீர்க் கடைப் பெஞ்சுகளில் ஒரு வழக்கு நடக்கும். “சென்னை அணி பெரிதா, மும்பை அணி பெரிதா?” 2025 வரை ஆளுக்கு 5 கோப்பைகள், ஆகவே தீர்ப்புக் கிடைப்பதில்லை. நண்பர்கள் கூடிக் கற்பனை அணிகள் அமைத்து, உண்மை ஆட்டத்தின் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் புள்ளி போட்டு விளையாடுகிறார்களே, அங்கும் இதே கேள்விதான்: பல ஆண்டுகளில் சிறந்த உரிமையாளர் யார்? “அதிகக் கோப்பை வென்றவர்” என்பது வழக்கமான விடை. இந்த அளவுகோல் சரிதானா?

இதில் ஒரு குறை உடனே தெரியும். புதுவையை அடுத்த துத்திப்பட்டில் 2025இல் நடந்த பாண்டிச்சேரி பிரீமியர் லீகில், வில்லியனூர் பெயர் தாங்கிய அணி உட்பட 6 அணிகள் மோதின. எல்லா அணிகளும் சமபலம் என்று கொண்டால், ஒவ்வொன்றுக்கும் வெற்றி வாய்ப்பு 6இல் 1. பத்து அணிகள் ஆடும் ஐ.பி.எல்.லில் அது 10இல் 1 மட்டுமே. இரண்டு கோப்பைகளையும் ஒரே எடையாக எண்ணலாமா?

ஆகவே, ஒவ்வோர் ஆண்டின் வாய்ப்பையும் கூட்டிப் பாருங்கள். ஐ.பி.எல்.லில் 2008 முதல் 2010 வரை 8 அணிகள், 2011இல் 10, 2012, 2013இல் 9, 2014 முதல் 2021 வரை மீண்டும் 8, 2022 முதல் 10. 2025 வரை 18 பருவங்களும் ஆடிய மும்பைக்கு அதிர்ஷ்டம் மட்டுமே தரக்கூடிய பங்கு சுமார் 2.1 கோப்பை. தடையால் 2016, 2017இல் ஆடாத சென்னைக்கு 1.85. வென்றது இருவரும் 5. பங்கைப்போல மும்பை 2.4 மடங்கும், சென்னை 2.7 மடங்கும் பெற்றிருக்கின்றன.

வழக்கு முடிந்ததா? அவசரப்படாதீர்கள்! 2022இல் நுழைந்த குஜராத் டைட்டன்ஸ் 4 பருவங்களில் ஒரு கோப்பை வென்றது. அதன் பங்கு 0.4, ஆகவே 2.5 மடங்கு. அப்படியானால் மும்பையைவிட அது மேலானதா? இல்லை. சமபலமுள்ள அணி ஒன்று நான்கு பருவங்களில் ஒரு கோப்பையாவது வெல்ல 100க்கு 34 வாய்ப்பு உண்டு. மும்பையைப்போல 18 பருவங்களில் 5 வெல்லவோ 100க்கு 5தான். குறைந்த ஆண்டுகளின் கணக்கில் அதிர்ஷ்டம் எளிதில் திறமை வேடம் போடும்.

கோப்பை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியும் கடைசி இடம் பெற்ற அணியும் அங்கே ஒன்றுதான். சென்னை 16 பருவங்களில் 10 முறை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதன் பங்கு 3.7 மட்டுமே. மும்பை வந்தது 6 முறை, பங்கு 4.2. கோப்பையில் மறைந்திருந்த வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிகிறதல்லவா?

இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கன்று. கற்பனை அணிப் போட்டி திறமையா, சூதா என்ற கேள்வி நீதிமன்றங்கள் வரை போயிற்று. திறமையே மேலோங்கியது என்று 2017இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் கூறியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டு என்பது வேறு. ஆடுகிற ஒருவரிடம் அது இருக்கிறது என்பது வேறு. ஒரே பருவத்தில் முதலிடம் பெற்றதும் “நான் கெட்டிக்காரன்” என்று நம்பிக் கைப்பொருளை இழப்பவன், இந்த இரண்டாவதைச் சோதிக்காதவனே.

உங்கள் நண்பர் வட்டத்தில் பணமின்றி இதைச் சோதித்துப் பாருங்கள். மொத்தப் புள்ளியை ஒப்பிடாதீர்கள். விதி மாறினால் புள்ளியும் மாறும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேரில் எத்தனையாவது இடம் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். சில ஆண்டுகள் சேர்ந்த பின் இடங்களின் சராசரியைப் பாருங்கள். முதலிடங்கள் ஆண்டுதோறும் கைமாறிக்கொண்டே இருந்து, எல்லோருடைய சராசரியும் நடுவில் வந்து நின்றால், நீங்கள் இத்தனை நாள் பாராட்டியது திறமையை அன்று, அதிர்ஷ்டத்தை!