மேளச்சமாவும் ஜாஸும்

1975 யூலை 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹம்ரன் கல்லூரியில் ஐந்து பேர் வாசித்த கச்சேரியொன்று அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. குழுவின் பெயர் 'சக்தி'. கிற்றார் ஜோன் மக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபேலா சாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். மின்சாரக் கிற்றாரும் இடிமுழக்கமுமாக மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ராவை நடத்திப் புகழின் உச்சியில் நின்றவர் மக்லாக்லின். அவர் மரக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடத்துக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்ததை அவருடைய பழைய ரசிகர் பலரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. நமது சங்கீத ரசிகர்களோ அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 'கலப்பிசை' என்றொரு பெட்டி நம்மிடம் உண்டு. விளங்காததையெல்லாம் அதற்குள் போட்டு மூடிவிடுவோம்.

அந்த இசைத்தட்டை நம்மவர்கள் ஒருமுறை காதூன்றிக் கேட்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் அதில் வயலின் வாசிப்பவர். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூன்று பிள்ளைகளுக்கும் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. வயலின் பாட்டுக்குப் பின்னால் நிற்கும் வாத்தியம் மட்டுமன்று, தனித்து நின்று பேசவல்லது என்பது அவருடைய பிடிவாதம். 1958 கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் இலங்கையை விட்டு மதராசுக்குப் போயிற்று. அப்போது சங்கருக்கு எட்டு வயது. பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராகச் சென்றார். அதே பல்கலைக்கழகத்தில்தான் மக்லாக்லின் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை கற்றார். 58ஐ நாம் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறோம். அந்த ஆண்டு நம் ஊரிலிருந்து வெளியேறிய ஒரு வயலின் பதினேழு வருடம் கழித்து ஜாஸ்காரர் ஒருவரோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன பேசியது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

என்ன பேசியது? முதற் பாட்டு 'ஜோய்' பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. கிற்றாரும் வயலினும் சேர்ந்து விரைந்த ஒரு சங்கதியை எடுக்கின்றன. பிறகு ஒருவர் விலக மற்றவர் விரிக்கிறார். பிறகு இருவரும் மாறிமாறிக் கேள்வியும் பதிலுமாக வாசிக்கிறார்கள். துண்டுகள் சிறுத்துச் சிறுத்து, இறுதியில் இரண்டும் ஒன்றின் வாயை மற்றது பொத்துவதுபோல் ஆகிவிடுகின்றன. இது நமக்குத் தெரிந்த சங்கதி. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் இரண்டு ஆவர்த்தனம் வாசித்து, ஒன்றாக்கி, அரையாக்கி, காலாக்கி, மோரா கோர்வையில் போய்ச் சேரும் குறைப்பு முறைதான் அது. தாளவாத்தியத்துக்குரிய அந்த வழியைத் தந்திவாத்தியங்களின் கையிற் கொடுத்ததே சக்தி செய்த பெரிய காரியம். ஜாஸிலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரம் உண்டு. சக்ஸபோன்காரர் நாலு 'பார்' ஊதினால் ட்ரம்ஸ்காரர் நாலு பாரில் மறுமொழி சொல்வார். ஆனால் அவர்கள் பெரும்பாலும் நாலிலேயே நிற்பார்கள். நாம் குறைப்போம். குறைக்கக் குறைக்கச் சூடு ஏறும்.

இந்தச் சூட்டை முதலில் கச்சேரி மண்டபத்தில் அறிந்தவர்களல்லர் நாம். திருவிழா இரவில் சுவாமி வீதி சுற்றி வந்தபின், கோயில் மணலில் பாய் விரித்து, விடிய விடிய மேளச்சமா கேட்ட சனம் நாம். இரண்டு கூட்டம் நாதஸ்வரம், இரண்டோ நாலோ தவில். இன்ன கீர்த்தனை வாசிக்கப்போகிறார்கள் என்ற அட்டவணை எவர் கையிலும் இருந்ததில்லை. கீர்த்தனையை எதிர்பார்த்து ஒருவரும் போனதுமில்லை. ஒருவர் போட்ட முடிச்சை மற்றவர் எப்படி அவிழ்க்கிறார் என்று பார்க்கப் போனோம். தாளம் போடத் தெரியாதவர்கூட எடுப்புக்கு வந்து விழுந்தவுடன் 'ஆ' என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த 'ஆ'வைத்தான் ஜாஸ் விடுதியில் இருக்கும் ரசிகரும் சொல்கிறார். முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு பாடலை முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு அதே சுற்றின்மேல் ஒவ்வொருவராகத் தம் கற்பனையை ஓட்டுவதுதான் ஜாஸின் பழைய முறை. சுற்று எங்கே நிற்கிறது என்பது வாசிப்பவருக்கு மனதில் ஓடவேண்டும், கேட்பவருக்கும் ஓடவேண்டும். ஆவர்த்தனம் என்று நாம் சொல்வதை அவர்கள் கோரஸ் என்கிறார்கள்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்தார். தமிழ்நாட்டு நாதஸ்வரக்காரர்கள் தேடி அழைத்துத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட தவில் அது. சக்தியின் கச்சேரி நடந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டு ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும்போது என் காதில் ஒரு சங்கிலி விழத்தான் செய்கிறது.

இனி, சேராத இடம். ஜாஸ் பாடலின் அடியில் 'கோர்ட்' எனப்படும் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். அவை மாறும்போது காலடி நிலமே மாறும். நமக்கோ ஆதார சட்ஜம் அசையாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. அது அசைவிலே பிறந்து அசைவிலே இருப்பது. அதற்குக் கீழே பியானோவின் கூட்டொன்றை வைத்தால், ஓடும் தண்ணீரில் கோடு கீறியதுபோல ஆகும். கோயிற் கலியாணங்களிலும் கலைவிழாக்களிலும் கீபோர்ட்காரர் கல்யாணிக்குக் கீழே மெத்தை விரிப்பதைக் கேட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இரு இசைகளும் சந்திக்கக் கதவு திறந்தது, ஜாஸ்காரரே இந்தக் கூட்டுகளின் நெரிசலில் அலுத்துப்போன பின்புதான். மைல்ஸ் டேவிஸ் 1959இல் 'கைன்ட் ஒஃப் புளூ' இசைத்தட்டில் ஒரே சுரவரிசையில் நெடுநேரம் தங்கி உலவிக் காட்டினார். அதில் சக்ஸபோன் ஊதிய ஜோன் கொல்ற்ரேன் 1965இல் பிறந்த தன் மகனுக்கு ரவிசங்கரின் பெயரைச் சூட்டினார்.

மக்லாக்லின் இதை மரவேலையிலும் தீர்த்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அவருக்காகச் செய்யப்பட்ட கிற்றாரில் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழியாகச் சுரண்டப்பட்டிருந்தது. தந்தியை அந்தக் குழிக்குள் அழுத்தினால் சுரம் வழுகும், அசையும். ஆறு தந்திக்கு அடியில் குறுக்காக ஏழு அனுதந்திகள் சுருதிக்கு. வீணை படித்தவனின் ஏக்கத்தில் பிறந்த கிற்றார் அது. கமகம் முழுதாக வந்ததா என்றால், இல்லை. சங்கரின் வில் ஒரே இழுப்பில் போகிற இடத்துக்குக் கிற்றார் படியேறித்தான் போகிறது. ஆனால் அந்தப் படியேற்றத்தை மறைக்க அவர் முயலவில்லை. மின்பெருக்கிகளின் இரைச்சல் இல்லாததால் விநாயக்ராமின் விரல்நுனி கடத்தின் கழுத்தில் தொடும் ஓசைகூடக் கேட்கிறது. நமது மேடையில் உபபக்கவாத்தியமென்று பின்வரிசையில் இருத்தப்படும் கடம் இங்கே முன்வரிசையில் சரிசமமாக இருக்கிறது.

சக்தியைப் புகழ்ந்துகொண்டே போக நான் தயாரில்லை. மூன்றாவது இசைத்தட்டான 'நச்சுரல் எலிமென்ற்ஸ்' (1977) சின்னச்சின்னப் பாட்டுகளாக நறுக்கப்பட்டு, விரிவதற்கு இடமின்றி மூச்சுமுட்டுகிறது. வேகம் அவர்களுடைய வியாதி. விளம்பத்தில் நின்று ஒரு சுரத்தைத் தடவிப்பார்க்கும் பொறுமை அருமையாகவே வருகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மீண்டும் கூடியபோது மக்லாக்லின் மின்கிற்றாருக்குத் திரும்பிவிட்டார். பின்னர் சேர்ந்த சிறீநிவாஸின் மாண்டலினும் மின்சாரந்தான். சிறீநிவாஸ் மேதை, ஐயமில்லை. ஆனால் பழைய குழுவின் அந்தச் சின்ன அறை ஓசை போய்விட்டது. சிறீநிவாஸ் 2014இல் மறைந்தார். குழுவின் 'திஸ் மொமென்ற்' இசைத்தட்டுக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சாகிர் ஹுசைனும் போய்விட்டார். சங்கரின் தமையன் சுப்பிரமணியம், பிரெஞ்சு ஜாஸ் வயலின்காரர் ஸ்ரெஃபான் கிராப்பெல்லியோடு 1984இல் செய்த 'கொன்வெர்சேஷன்ஸ்' பலருக்குப் பிடித்தது. எனக்கு அது இரண்டு பெரிய மனிதர்கள் விருந்தொன்றில் மரியாதையாகப் பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது. சமாவில் மரியாதை மட்டும் போதாது.

ஜாஸையும் நமது மேளத்தையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. நமது சஞ்சிகைகள் அதைத் தொடுவதற்குக் கூச்சப்படும். 1927இலிருந்து டியூக் எலிங்ரன் தன் குழுவோடு வாசித்த கொட்டன் கிளப்பில் கறுப்பர் மேடையில் நின்றனர். மேசைகளில் வெள்ளையர் இருந்தனர். நமது கோயில் வீதியில் மேளகாரர் மேற்சட்டையின்றி, சால்வையை இடுப்பிற் கட்டி, நின்றே வாசித்தனர். விடியவிடிய 'ஆ' போட்ட நாமே விடிந்தபின் அவர்களை எங்கே வைத்தோம் என்பது ஊரறிந்தது. தலைமயிரைக் கத்தரித்து, கோட்டு அணிந்து, உட்கார மேடை கேட்ட இராஜரத்தினம்பிள்ளையைத் திமிர்பிடித்தவர் என்றார்கள். அவருடைய தோடியை மட்டும் விடவில்லை. கற்பனை செய்யும் வித்தையை நின்றவர்களிடம் விட்டுவிட்டு, கீர்த்தனைப் பட்டியலை இருந்தவர்கள் எடுத்துக்கொண்டோம். கப்பலேறி, விமானமேறி இங்கு கொண்டுவந்ததும் அந்தப் பட்டியலைத்தான்.

அஜின்கோர்ட்டிலும் அதைச் சுற்றிய ஸ்காபரோவிலும் எத்தனை பேஸ்மன்ற்களில் பாட்டு வகுப்பும் வயலின் வகுப்பும் நடக்கின்றன! 'ஆசியன்கோர்ட்' என்று இந்த இடத்தைப் பகிடியாகச் சொல்பவர்களுக்கு நமது பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் பனிக்குள் சுருதிப்பெட்டியோடு நடப்பது தெரியாது. குறை அங்கில்லை. அரங்கேற்றத்தில் கற்பனாசுரம் பாடும் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கியிருக்கிறது. ஒத்திகையில் வந்த சுரமே மேடையிலும் எழுத்துப் பிசகாமல் வருகிறது. இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட வயலின்காரர் அதற்கு மிகுந்த அன்போடு மறுமொழி வாசிக்கிறார். சபை கைதட்டுகிறது. பெயர் கற்பனாசுரம், கற்பனை செய்தவர் ஆசிரியர், அதுவும் ஆறு மாதத்துக்கு முன்பு. ஆசிரியரை நோகவும் மனம் வரவில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலத்தில் மனோதர்மம் எப்படி வரும்? ஐந்நூறு விருந்தாளிகள் முன்னிலையில் பிள்ளை எடுப்பைத் தவறவிட்டால் பெற்றார் யாரைக் கேட்பார்கள்?

விசித்திரம் என்னவென்றால், எனக்குத் தெரிந்த இப்படியொரு பிள்ளை தன் பாடசாலையின் ஜாஸ் பாண்டில் சக்ஸபோன் ஊதுகிறாள். அங்கே பன்னிரண்டு பார் புளூஸ் ஓடும்போது எழுந்து நின்று, முன்பு எழுதாத ஒன்றை ஊதிவிட்டு உட்காருகிறாள். பிழைத்தால் சிரித்துவிட்டு அடுத்த சுற்றில் பிடிக்கிறாள். ஐந்து சுரம் போதும் என்று பாண்ட் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாராம். அவள் எடுத்தது மோகனத்தின் ஐந்து சுரம். வயலின் வகுப்பில் அதே மோகனத்துக்கு அவளிடம் கொப்பி இருக்கிறது.

இதற்கு வழிகாட்ட ஆளில்லாத ஊருமன்று இது. நெடுஞ்சாலை 401இல் மேற்கே போனால் யோர்க் பல்கலைக்கழகம். பழனி சுப்பிரமணியபிள்ளையின் மாணாக்கர் திருச்சி சங்கரன் 1971இல் அங்கு வந்து, தமிழ்க் கீர்த்தனைகளை நம்மவர் நாணப் பாடிய ஜோன் ஹிகின்ஸோடு சேர்ந்து இந்திய இசைத்துறையைத் தொடங்கினார். அதாவது 83க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, நாம் பெருவாரியாக இங்கு வந்து இறங்குமுன், இந்த நகரத்தில் சொற்கட்டுச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார். அவரிடம் கனடியரும் கறுப்பரும் ஜாஸ் ட்ரம்ஸ்காரரும் கற்றனர். ரொறன்ரோவின் நெக்ஸஸ் தாளவாத்தியக் குழுவோடு அவர் செய்த கச்சேரிகளுக்கு நம் சனத்தில் எத்தனைபேர் போயிருப்போம்? அவருடைய மகள் சுபா சங்கரன் 'ஓட்டோரிக்‌ஷா' என்ற குழுவில் ஜாஸ் பாட்டும் கர்நாடக சுரமும் சொற்கட்டுமாகப் பாடுகிறார். 'ஃபோர் ஹையர்' (2004) இசைத்தட்டில் கோர்ட்டும் ராகமும் இடிபடும் இடங்கள் உண்டு. நான் மேலே சொன்ன மெத்தை சில பாட்டுகளில் விரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் குரலும் தபேலாவும் பேஸ் கிற்றாரும் சொற்கட்டில் இறங்கும்போது அவை ஒன்றையொன்று கேட்டே வாசிக்கின்றன. அந்தக் கேட்டல் நமது அரங்கேற்ற மேடைகளில் அருமை.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் 'ஜோய்'யிலிருந்து தொடங்கவேண்டாம். அதன் வேகம் மிரட்டும். அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் அரை மணிநேரம் அளவுக்கு ஓடும் ஒரே பாட்டு இருக்கிறது. பெயர் நீளமானது, இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. அதன்பின் 'எ ஹான்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி' (1977)யின் முதற் பாட்டு, வாய்ச் சொற்கட்டோடு தொடங்குவது. பெங்களூர் கர்நாடகா கொலிஜ் ஒஃப் பெர்கஷன் குழுவோடு சார்லி மரியானோ 1983இல் செய்த 'ஜோதி'யும் கிடைத்தால் நல்லது. அறுபதுகளின் கடைசியில் மலேசியாவில் நாதஸ்வரம் கற்ற சக்ஸபோன்காரர் அவர். ராமமணி பாட, அவர் எங்கே மூச்சை அடக்குகிறார் என்று கவனியுங்கள். பிறகு யாரிடமாவது பழைய கசெற்றாக இருக்கும் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் போட்டு, பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, தாளத்தைக் கையில் போடச் சொல்லுங்கள். கொப்பி வேண்டாம்.