சீனச் சுருளோவியமும் குற்றாலச் சித்திர சபையும்

சீனர்கள் நிலக்காட்சி ஓவியத்தை 'சான் சுயி' என்பர். 'மலையும் நீரும்' என்பது அதன் பொருள். தென்காசி, குற்றாலம் பகுதியினருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் மலையும் அருவியும் நிறைந்த குற்றாலத்தின் புகழ்பெற்ற ஓவியக்கூடமாகிய சித்திர சபையில் முதன்மை பெறுவது மலையன்று, இறைவனே.

கிடைவாக்கில் நீளும் பட்டுச் சுருளோவியம் சுவரில் மாட்டுவதற்கு உரியதன்று. மேசைமேல் வைத்து, வலமிருந்து இடமாகச் சிறிது சிறிதாக விரித்தும் சுருட்டியும் பார்க்க வேண்டும். வாங் சிமெங் 1113-இல் வரைந்த 'ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்' ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உடையது. அதில் மலைகள் பெரியவை, மனிதர் எறும்பளவினர். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மலைவழியே பயணம் செய்கிறார்.

சித்திர சபை நடராசரின் ஐம்பெரும் சபைகளுள் ஒன்று. குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால், தெப்பக்குளத்துடன் தனியே அமைந்தது. இங்கு நடராசரே ஓவிய வடிவில் வழிபடப்படுகிறார். சுவர்களில் திருவிளையாடல் காட்சிகளும் தெய்வ உருவங்களும் அடுத்தடுத்துத் தீட்டப்பட்டுள்ளன. சீனத்தில் படம் நகர்கிறது. இங்கே நாம் நகர்கிறோம். இரண்டுமே ஒரே பார்வையில் முடிந்துவிடாதவை. எனவே, தொலைவுக்கேற்ப உருவங்கள் சிறுக்கவில்லை என்று சித்திர சபை ஓவியங்களைக் குறை கூறுவது, ஐரோப்பிய அளவுகோலால் அவற்றை அளப்பதாகும்.

உண்மையான வேறுபாடு பாதுகாப்பில் உள்ளது. சுருளைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து வெளிச்சத்திலிருந்து காக்கலாம். பழைய ஓவியத்தைப் போற்றும் சீன ஓவியர், வேறொரு பட்டில் அதைப் படியெடுத்தார். 'சிங்மிங் திருவிழாவில் ஆற்றங்கரை' என்னும் சுருளுக்குப் பல படிகள் உண்டு. மூலமும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது.

சுவரோவியத்தைச் சுருட்ட முடியாது. சாரல்கால ஈரம், விளக்குப் புகை, தொடும் கைகள் ஆகிய யாவும் அதைத் தேய்க்கின்றன. மங்கியதும் அதே சுவரில் புதுவண்ணம் பூசுவது தமிழகக் கோயில்கள் பலவற்றில் நடந்துள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலடுக்கின் சில பகுதிகளைப் பெயர்த்துத் தனிப்பலகையில் பொருத்தி, இரண்டையும் காத்தனர். அத்தகைய வாய்ப்பு எல்லாச் சுவர்களுக்கும் கிடைப்பதில்லை.

பக்தியோடு பூசினாலும் புதுவண்ணம் பழைய கோட்டை அழித்துவிடும். சித்திர சபைக்குத் தேவை மறுபூச்சு அன்று. துறை அறிந்தவர் செய்யும் தூய்மைப் பணியும், முழுமையான ஒளிப்படப் பதிவும், கலை மாணவர்கள் தாளில் எடுக்கும் படிகளுமே. புதிய கை தன் திறமையைக் காட்ட வேண்டிய இடம் புதிய பரப்பே என்பது சீனச் சுருள்களிடமிருந்து நாம் கற்கத்தக்க பாடம்.