கதை மாந்தரும் சாட்சியத்தின் நீதியும்

சில ஆண்டுகளுக்கு முன் நமது அரபுக் கல்லூரி வகுப்பொன்றில் ‘அல்ஃப் லைலா வ லைலா’ என்னும் ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து மூன்று ஆப்பிள்களின் கதையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். பேச்சுவழக்குக்கு நெருங்கிய அரபு உரைநடை எவ்வாறு இயங்குகிறது என்பதை மாணவர்க்குக் காட்டுவதே அன்று நம் நோக்கம்.

கதை இதுதான். தஜ்லா நதியில் வலைவீசிய முதியவருக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. அதனுள் ஓர் இளம்பெண்ணின் வெட்டுண்ட உடல். கொலையாளியைக் கண்டுபிடிக்குமாறு கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அமைச்சர் ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார். அந்தப் பெண்ணின் கணவனே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். நோயுற்ற மனைவி விரும்பியதற்காகப் பஸரா வரை சென்று மூன்று ஆப்பிள்கள் வாங்கி வந்தவன் அவன். அவற்றுள் ஒன்றை ஒரு கறுப்பின அடிமையின் கையில் கடைத்தெருவில் காண்கிறான். ‘என் காதலி தந்தாள்’ என்கிறான் அடிமை. வீட்டுக்கு விரைந்த கணவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். பழத்தை எடுத்துச்சென்றவன் தன் சிறு மகன்தான் என்பதும், அவனிடமிருந்து அடிமை அதைப் பறித்துக்கொண்டான் என்பதும் பின்னரே அவனுக்குத் தெரியவருகின்றன. இதைக் கேட்ட கலீஃபா கணவனை மன்னித்து, அந்த அடிமையையே தூக்கிலிட வேண்டும் என்கிறார். அவனோ ஜஃபரின் சொந்த அடிமை ரைஹான் எனத் தெரியவருகிறது.

பாடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். முடிதிருத்தும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். “ஹஜ்ரத், கொன்றவருக்கு மன்னிப்பு, பொய் சொன்னவனுக்குத் தூக்கா?” என்று கேட்டார். சற்றுத் தயங்கிவிட்டு, “நம் ஊர்க் கதைகளில் எங்கள் ஆட்கள் வந்தாலும் இப்படித்தான் ஹஜ்ரத். ஒன்று சிரிப்பதற்காக வருவார்கள், இல்லையென்றால் கோள் சொல்வதற்காக வருவார்கள்” என்றார். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ‘அது அந்தக் காலத்து வழக்கம், கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லி அவரை உட்காரவைத்தோம். அது விடையன்று, தட்டிக்கழித்தல் என்பதை அன்று மாலையே உணர்ந்தோம். அவருக்கு நாம் தந்திருக்க வேண்டிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

விளிம்புநிலை மாந்தர் புனைகதைகளில் சித்திரிக்கப்படும் முறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு நிலைப்பாடுகள் முன்வைக்கப்படுகின்றன. ஒடுக்கப்பட்டோர் எவரையும் குறையுடன் காட்டுவதே அவமதிப்பு என்பது ஒன்று. கலைக்கு முன் இத்தகைய கேள்விகளுக்கே இடமில்லை என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்றால், விளிம்பில் உள்ளோர் அனைவரும் குற்றமற்ற உத்தமராகவே கதைகளில் உலவ வேண்டியிருக்கும். அதுவும் உயிரற்ற அச்சு வார்ப்பே. இரண்டாவதை ஏற்றால், அம்மாணவரின் மனத்தில் தைத்த முள் பொருட்டன்று என்றாகிவிடும். இரண்டும் நமக்கு உடன்பாடானவை அல்ல.

நம் மரபுக் கல்வியிலேயே இதற்கான ஓர் அளவுகோல் இருப்பதாகக் கருதுகிறோம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களை எடைபோட வகுத்த ‘அல்ஜர்ஹ் வத்தஃதீல்’ என்னும் துறையே அது. ஒரு மனிதரைப் பற்றிக் குறை கூறுவது எத்துணைப் பொறுப்பான செயல் என்பதை அத்துறை அறிந்தோர் அறிவர். ஹிஜ்ரி 643 இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தமது ‘முகத்திமா’வில் விளக்கும் விதி ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவரை நம்பகமானவர் என்று சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் குறைபாடுடையவர் என்று சொன்னால் காரணத்தை விளக்கியாக வேண்டும். மேலும், குறை அவரவர் பெயரைச் சொல்லி அவரவர் நடத்தையைக் கொண்டே கூறப்பட்டது. கறுத்த நிறத்தவரான அதாஉ இப்னு அபீ ரபாஹ் மக்காவின் மார்க்கத் தீர்ப்பாளராகத் திகழ்ந்தார். இப்னு உமர் (ரலி) அவர்களின் உரிமைவிடப்பட்ட அடிமையான நாஃபிஉ, இமாம் மாலிக்கின் ‘பொற்சங்கிலி’ எனப் போற்றப்படும் அறிவிப்புத் தொடரின் நடுக்கண்ணியாக விளங்குகிறார்.

இவ்விதியைக் கதைக்குப் பொருத்தினால் மூன்று கேள்விகள் பிறக்கின்றன. இக்குறையைச் சொல்பவர் யார், ஆசிரியரா, கதைக்குள் வரும் ஒரு மாந்தரா? குறைக்குக் காரணம் காட்டப்படுகிறதா, அல்லது ‘அந்த இனமே அப்படித்தான்’ என்று விடப்படுகிறதா? ஒரே குற்றம் இருவரிடம் காணப்படும்போது ஒரே அளவுகோல்தான் பயன்படுகிறதா?

மூன்று ஆப்பிள்களின் கதை இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் தோற்றுவிடுகிறது. கணவனின் கொலைக்குக் காரணம் விரிவாகக் கூறப்படுகிறது: அவன் அன்பு, பயணத்தின் சிரமம், ஐயம், சினம், பின் வந்த கண்ணீர் அனைத்தையும் நாம் அறிகிறோம். ரைஹான் ஏன் பொய் சொன்னான் என்பதைக் கதை கேட்கவே இல்லை. குழந்தையிடம் பழம் பறித்தது இழிசெயலே. ஆனால் முன்பின் அறியாத ஒருவரிடம் கடைத்தெருவில் வீம்பாகச் சொன்ன சொல் ஓர் உயிரைப் பறிக்கும் என்பதை அவன் அறிந்திருக்க வழியில்லை. வாளெடுத்தவன் மன்னிக்கத்தக்கவன், வாய்திறந்தவன் தூக்குக்குரியவன் என்னும் தீர்ப்பில் நிறமும் அடிமைத்தனமும் செய்யும் வேலை தெளிவாகவே தெரிகிறது. அந்நூலின் தொடக்கக் கதையிலும், மந்திரத்தால் பாதி கல்லான இளவரசனின் கதையிலும் கறுப்பின அடிமை, அரச குடும்பத்துப் பெண்ணின் துரோகத்துக்குத் துணையாக மட்டுமே வருகிறான். இறுதியில் ரைஹான் தப்புகிறான். அதுவும் அவனுக்காக இரங்கியன்று. ஜஃபர் இதைவிட வியப்பான கதையொன்றைச் சொல்வதற்கு ஈடாகவே அவன் உயிர் விடப்படுகிறது. கொலையுண்ட பெண்ணுக்கோ பெயரே இல்லை.

எனினும் அந்நூல் முழுவதையும் இதனால் ஒதுக்கிவிட இயலாது. யமன் நாட்டவர் ஒருவரின் ஆறு அடிமைப் பெண்கள் வாதிடும் கதையும் அதில் உண்டு. அங்கே வெள்ளை நிறத்தவளுக்கு எதிரே கறுப்பு நிறத்தவள் எழுந்து நின்று, தன் நிறத்தின் சிறப்பைச் சான்றுகளுடன் நிலைநாட்டுகிறாள். பேச இடம் கிடைத்த கணமே அச்சு வார்ப்பு உடைந்து ஒரு மனுஷி வெளிப்படுகிறாள். ஹிஜ்ரி 255 இல் மறைந்த ஜாஹிழ், வெள்ளையர்க்கு எதிரே கறுப்பின மக்களின் பெருமைகளை எடுத்துரைக்கத் தனி ஏடே இயற்றினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

வேறொரு வகைச் சிறையும் உண்டு. அன்தராவின் வரலாறு அதற்குச் சான்று. அப்ஸ் குலத்துத் தந்தைக்கும் ஸபீபா என்ற அபிசீனிய அடிமைத் தாய்க்கும் பிறந்த அக்கவிஞரைத் தந்தை மகனாக ஏற்கவில்லை. குலத்துக்கு ஆபத்து நேர்ந்து, அவர் வாள் தேவைப்பட்ட நாளில்தான் ஏற்றார். பிற்காலத்தில் பெருகிய ‘ஸீரத்து அன்தரா’ அவரை இணையற்ற வீரராகப் போற்றுகிறது. ஆனால் ஆயிரம் பேரை வென்றால்தான் ஒரு கறுப்பர் மனிதராகக் கருதப்படுவார் எனில், வெல்ல இயலாத எளியவரின் கதி என்ன? உத்தமராக வார்ப்பதும் வீரராக வார்ப்பதும் இழிந்தவராக வார்ப்பதைப் போன்றே முழு மனிதரை மறைக்கக் கூடும்.

நவீன அரபுப் புதினத்துக்கு வருவோம். சூடானைச் சேர்ந்த தய்யிப் ஸாலிஹ் 1966 இல் வெளியிட்ட ‘மவ்ஸிமுல் ஹிஜ்ரா இலஷ் ஷமால்’ இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. அதன் முஸ்தஃபா ஸஈத், ஆப்பிரிக்கர் பற்றி ஆங்கிலேயர் கொண்டிருந்த வார்ப்புகள் அனைத்தையும் தாமே அணிந்துகொள்கிறார். லண்டனில் தம் அறையைச் சந்தனமும் அகிலும் தந்தமுமாக அலங்கரித்து, பாலைவனத்தையும் காட்டையும் பற்றிய பொய்க்கதைகளால் பெண்களை ஈர்க்கிறார். மேலோட்டமாக வாசிப்பவர், கறுப்பரைக் காமுகராகக் காட்டும் நூல் என்பார். முதற்கேள்வியை எழுப்பினால் உண்மை விளங்கும்: இந்த வார்ப்பு ஆசிரியருடையதன்று, வார்ப்பை நம்பிய சமூகமும், அதையே ஆயுதமாக்கிய மனிதரும் எவ்வாறு ஒருங்கே அழிகின்றனர் என்பதே கதை. அதே வேளையில், ஆன், ஷீலா, இஸபெல்லா ஆகிய ஆங்கிலப் பெண்கள் மூவரும் அவருடைய நினைவுகளின் வழியாகவே நமக்குத் தெரிகின்றனர். அவர்கள் முகம் முழுமையாகத் துலங்கவில்லை என்பதையும் நடுநிலையோடு பதிவுசெய்ய வேண்டும்.

அப்புதினத்தில் நம்மை மிகவும் உலுக்கும் மாந்தர் ஹுஸ்னா பின்த் மஹ்மூத். முஸ்தஃபாவின் மறைவுக்குப் பின், எழுபது வயதைக் கடந்த வத் ரய்யிஸுக்கு அவள் விருப்பத்துக்கு மாறாக மணம் முடிக்கப்படுகிறாள். தன்னைக் காக்கக் கூடியவரான கதைசொல்லியின் உதவியை நாடுகிறாள். அவர் தயங்கி நின்றுவிடுகிறார். முடிவில் வத் ரய்யிஸும் அவளும் ஒரே இரவில் மாள்கின்றனர். ஊர் முழுவதும் அவளைப் பழிக்கிறது. ‘பித்துப் பிடித்தவள்’ என்பது அவர்களின் வார்ப்பு. ஆனால் இறந்தவரின் மூத்த மனைவி மப்ரூகா மட்டும், தம் கணவர் தம் புதைகுழியைத் தாமே தோண்டிக்கொண்டார் என்ற பொருளில் பேசுகிறாள். அந்த ஒரே சாட்சியத்தால் ஊரின் தீர்ப்பு ஆட்டங்கண்டுவிடுகிறது. ஆசிரியர் ஹுஸ்னாவை உத்தமியாக்கவும் இல்லை, அவள் செயலை நியாயப்படுத்தவும் இல்லை. செயலுக்கு முன் நிகழ்ந்ததை மறைக்காமல் வைத்தார், அவ்வளவே.

இனி நம் தமிழுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ நூலாக வந்தது 1988 இல். அதில் முதலாளியின் தயவில் வாழும் பள்ளிவாசல் லெப்பையின் பணிவைக் கண்டு, ஆலிம்களை இழிவுபடுத்துகிறார் என வருந்துவோர் உண்டு. ஆலிம் பரம்பரையில் வந்த நமக்கும் முதல் வாசிப்பில் அவ்வருத்தம் இருந்தது. மறுவாசிப்பில், அந்தப் பணிவின் காரணம் பசி என்பதைப் புதினம் ஒளிக்கவில்லை எனக் கண்டோம். அங்கே சுடப்படுவது லெப்பை அல்லர், ஒரு மனிதரின் சோற்றைத் தம் கையில் வைத்திருக்கும் அதிகாரம். அதே ஊரில் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது தலைகுனிய மறுப்பதையும் ஆசிரியர் காட்டுகிறார். எளியவர் அனைவரும் அடிமைகளே என்ற வார்ப்புக்கு அங்கு இடமில்லை.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004 இல் வந்தபோது, சமுதாயத்தின் இருட்டை மட்டுமே காட்டுகிறார் என்ற கண்டனம் எழுந்தது. சில பகுதிகளின் வெளிப்படைத்தன்மை நமக்கும் உவப்பானதன்று. ஆனால் மூன்றாவது கேள்வியை அப்புதினம் நம்மை நோக்கியே திருப்புவதை மறுப்பதற்கில்லை. வசதிபடைத்த ஆண் ஒருவர் மாரியாயி என்னும் உழைக்கும் பெண்ணிடம் கொண்ட தொடர்பு ஊருக்குத் தெரியும்; ஊர் மௌனம் காக்கிறது. வீட்டு வேலை செய்து பிழைக்கும் நூரம்மாவின் மகள் வேற்று மதத்தவருடன் சென்றுவிட்டாலோ ஊரின் சீற்றம் முழுதும் அவ்வேழைத் தாயின் மீது விழுகிறது. கலீஃபாவின் சபையில் ரைஹானுக்கு வழங்கப்பட்ட தீர்ப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

தமிழ்த் திரைப்படங்கள் பல முஸ்லிமைக் கொச்சைத் தமிழ் பேசும் கோமாளியாகவோ வெடிகுண்டு ஏந்தியவராகவோ காட்டியபோது நாம் கொதித்தோம், கொதித்தது நியாயமே. ஆனால் நம் கதைகளிலும், மேடை நகைச்சுவைகளிலும், ஏன், வகுப்பறைகளிலும் முடிதிருத்துவோரும் மீன் விற்போரும் எப்படி வருகின்றனர்? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கும் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 11 ஆவது வசனம் பிறருக்கு மட்டும் அருளப்பட்டதன்று. நமக்கோ பெற்றோர்க்கோ உறவினர்க்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கப் பணிக்கிறது ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 135 ஆவது வசனம்.

இவ்விடத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் நூலொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’, சாட்சியத்துக்குரிய தகுதிகளை விளக்குமிடத்தில், இரத்தம் குத்தி எடுத்தல், துப்புரவு செய்தல், தோல் பதனிடுதல் ஆகியவற்றைத் தாழ்ந்த தொழில்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. அவை பொருந்தாத நிலையிலுள்ளவர் அவற்றைச் செய்தால் அவரது கண்ணியம் குன்றும் என்கிறது. அத்தொழில் ஒருவரின் வழக்கமாகவும் தந்தையின் தொழிலாகவும் இருப்பின் குன்றாது என்பதே சரியான கருத்து என்றும் தீர்ப்பளிக்கிறது. தொழிலுக்காக அம்மக்களின் சாட்சியத்தைத் தள்ள இமாம் உடன்படவில்லை. ஆயினும் அவ்விவாதம் எழ வேண்டியிருந்ததே சமூகத்தில் ஊறியிருந்த மனப்பான்மையைக் காட்டுகிறது. அப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியும், அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாணவருக்கு அது எவ்வாறு ஒலிக்கும் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

அன்றைய தேர்வில் மூன்று ஆப்பிள்களின் கதைச் சுருக்கத்தை எழுதுமாறு கேட்டிருந்தோம். அம்மாணவர் கதையைப் பிழையற்ற அரபியில் சுருக்கியபின், கேட்கப்படாத ஒரு வரியையும் சேர்த்திருந்தார்: ரைஹானை விசாரித்தபோது, ஏன் அவ்வாறு சொன்னாய் என்று எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை என்று. அதற்கு அன்று மதிப்பெண் வழங்கவில்லை; கேள்விக்குப் புறம்பானது என்று கோடிட்டோம். கதை மாந்தரை எடைபோட முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பதை இப்போது எழுதிவைக்கிறோம். இன்று அதே கதையை நடத்தும்போது, அக்கேள்வியை மாணவர்களிடம் நாமே முதலில் கேட்கிறோம்.