லாஸ்லெஸ் பாட்டும் ஒன்றரை ஜி.பி. டேட்டாவும்

ஆப்பிள் மியூசிக் செயலியில் ‘லாஸ்லெஸ்’ வசதி வந்தது 2021 ஜூனில். தனிக் கட்டணம் கிடையாது. ஆண்ட்ராய்டு போனிலும் உண்டு. இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்ததை மூன்று வாரம் போட்டும் அணைத்தும் கேட்டுப் பார்த்தேன். வீட்டில் ஒயர் ஹெட்போன், பஸ்ஸில் ப்ளூடூத் இயர்பட்ஸ்.

செயலியில் வழக்கமாக ஓடுவது 256 கிலோபிட் ஏஏசி. காதுக்குப் பிடிபடாது என்று கணித்த ஒலிகளைக் கழித்துவிட்டுப் பாட்டைச் சுருக்கும் முறை அது. லாஸ்லெஸும் சுருக்குகிறது, ஆனால் எதையும் கழிப்பதில்லை. விரித்தால் மூலத்தில் இருந்தது அப்படியே திரும்பிவிடும்.

முதல் வாரம் அசட்டுத்தனமாகப் போயிற்று. இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு, ஜன்னலோர சீட்டில், ‘அடடா, என்ன தெளிவு’ என்று கண்ணை மூடி ரசித்தேன். ப்ளூடூத்தோ பெரும்பாலும் எதை வாங்கினாலும் தன் பங்குக்கு மறுபடி கழித்துத்தான் காதுக்கு அனுப்பும். சிடியின் ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ப்ளூடூத்தின் எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சம் 328. சோனியின் எல்டாக் முழு வீச்சில் 990 வரை போகும். சிக்னல் நெரிசலானால் 330க்கு இறங்கிவிடும். நான் ரசித்த தெளிவு என் மனசுக்குள் இருந்ததுதான்.

அதனால் இரண்டாவது வாரம் வீட்டில் ஒரு சோதனை. போனை அண்ணன் மகளிடம் கொடுத்துவிட்டு, ஒயர் ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் இஷ்டத்துக்குத் தரத்தை மாற்றிப் பாட்டை முதலிலிருந்து ஓட்டுவாள். “சித்தப்பா, இப்ப எது?” பத்துக்கு ஆறு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே ஐந்து வந்திருக்கும். வித்தியாசம் தெரிந்ததாக நான் நம்பிய இடங்கள் சிம்பலின் ஓசை தேய்ந்து அடங்கும் இடமும், இளையராஜாவின் 1986ஆம் வருஷத்து ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பில் வயலின்கள் கூட்டமாக எழும் இடமும். அங்கேயும் ஒருமுறை தவறினேன். (இரண்டு வேறு செயலிகளை இப்படி ஒப்பிடுகிறவர்கள் முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்கள். சத்தம் இம்மி கூடினாலே தரம் கூடியதாகக் காது நம்பிவிடும்.)

இந்தச் சோதனையில் எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது. பழைய படப் பாட்டு ஒன்றைத் தேடினால் அது நாலைந்து தொகுப்புகளில் கிடக்கிறது. ஒன்றில் குரல் கணீரென்று நிற்கிறது; இன்னொன்றில் கேசட்டிலிருந்து எடுத்த மாதிரி இரைச்சல், பேஸ் வற்றிப்போய். இரண்டுக்கும் லாஸ்லெஸ் முத்திரை உண்டு. இரைச்சலையும் ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், அவ்வளவுதான்! நல்ல பிரதியைத் தேடிப் பிடித்ததில் கிடைத்த லாபத்தில் கால்பங்குகூட அமைப்பை மாற்றியதில் கிடைக்கவில்லை.

செலவைப் பார்ப்போம். மூன்று நிமிடப் பாட்டுக்கு 256இல் சுமார் 6 எம்.பி., லாஸ்லெஸில் 36, அதைவிட நுணுக்கமான ஹை-ரெஸ் லாஸ்லெஸில் 145 என்பது ஆப்பிளே சொல்லும் கணக்கு. நம் பாட்டுகள் ஐந்து நிமிடம் ஓடுபவை. அப்படியானால் லாஸ்லெஸில் ஒன்றுக்கு 60 எம்.பி.; தினம் ஒன்றரை ஜி.பி. பிளானில் 25 பாட்டோடு அன்றைய கணக்கு முடிந்தது. வாட்ஸ்அப் பார்ப்பதற்குக்கூட மிச்சமிருக்காது.

நல்லவேளையாக மொபைல் டேட்டா, வைஃபை, டவுன்லோட் மூன்றுக்கும் தனித்தனியே தரம் வைக்கலாம். என் ஏற்பாடு இது: மொபைல் டேட்டாவில் 256, வைஃபையில் லாஸ்லெஸ், டவுன்லோடும் 256. போனில் இடம் காலியாக இருப்பவர்கள் வேண்டுமானால் டவுன்லோடை லாஸ்லெஸில் வைத்துக்கொள்ளலாம். ஹை-ரெஸ்ஸை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ஒயர் ஹெட்போனைப் போனில் மாட்ட உதவும் ஆப்பிளின் குட்டி யுஎஸ்பி-சி டாங்கிள் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 192 வரை போக வேண்டுமானால் தனி டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் கருவி) வாங்க வேண்டும். ஆறு சரி வாங்கிய காதுக்கு எதற்கு அந்தச் செலவு?

டாங்கிளை ஒருநாள் பஸ்ஸுக்கும் கொண்டுபோனேன். இறங்கும் அவசரத்தில் யாரோ ஒருவருடைய டிபன் பையில் ஒயர் மாட்டிக்கொண்டது. அதோடு அது வீட்டு மேஜைக்குக் குடிபோய்விட்டது.

எல்டாக் இயர்பட்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் ஐபோன் இருந்தால் வேண்டாம். அதில் எல்டாக் கிடையாது.