கூலி இல்லாத நட்சத்திரம்

விக்கிப்பீடியாவில் எழுதுபவருக்குச் சம்பளம் கிடையாது. கட்டுரையின் தலைப்பில் அவர் பெயரும் வராது. கிடைத்தால் ஒரு ‘பார்ன்ஸ்டார்’ கிடைக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பக்கம் களஞ்சியச் சுவர்களில் மாட்டுகிற உலோக நட்சத்திரத்தின் படம் அது. 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

இதற்குத் தேர்வுக்குழு தேவையில்லை. எந்தப் பங்களிப்பாளரும் இன்னொருவரின் பேச்சுப் பக்கத்தில் அதை ஒட்டலாம். காரணத்தையும் கூடவே எழுதுவது வழக்கம்: சான்று தேடிச் சேர்த்ததற்கு, விஷமத் திருத்தங்களைத் துடைத்ததற்கு, புதியவருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு.

பொன்னாடை போர்த்தும் மேடையில் ‘அரும்பணி’ என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். இங்கே இன்ன வேலை என்று எழுத வேண்டும். அதற்கு அந்த வேலையை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் கவனிப்புதான் பரிசு.