எண்ணிக்கையும் கூட்டமும்

‘இனி எவனும் தடுக்க முடியாது தோழர், நெட்டுல போட்டாச்சு.’ தணிக்கைச் சான்று மறுக்கப்பட்ட, அரங்கு கிடைக்காத ஒவ்வொரு மாற்றுப்படம் பற்றியும் இப்படிச் சொல்லக் கேட்கிறேன். இந்தப் பெருமிதத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. ஆனால் தடுக்கப்பட்டது எது என்பதை நாம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை.

திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தை எடுத்துக்கொள்வோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. ‘இல்லாத’ அந்த வேலையை எந்தச் சாதி செய்கிறது, குழிக்குள் செத்தால் யார் பொறுப்பு என்று கேட்ட படம் அது. பல இடங்களில் திரையிடக் காவல்துறை விடவில்லை. படம் யூட்யூபுக்குப் போனது. மண்டபத்தில் கூடாது என்று சொல்லப்பட்ட அதே பிரதி இணையத்தில் கிடந்தது! அப்படியென்றால் அதிகாரம் பயந்தது பிம்பத்துக்கு அல்ல. பிம்பத்தின் முன்னால் கூடி உட்காரும் உடல்களுக்கு. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரோ ஒருவர் எழுந்து ‘எங்கப்பாவும் இப்டித்தான் செத்தாரு’ என்று ஆரம்பிப்பாரே, அந்தப் பேச்சுக்கு. படம் தப்பியது, எடுத்தவர் தப்பவில்லை. அந்த ஜூலையில், 2009ஆம் ஆண்டின் மாணவர் போராட்ட வழக்கு ஒன்றில் கைதாகி ஜாமீனில் வந்தார்.

ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒடேஸா இயக்கம் நினைவுக்கு வருகிறது. மக்களிடம் காசு திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். அதை மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். விநியோகம் அங்கே படத்துக்குப் பிந்தைய வேலை அல்ல, படத்தின் அரசியலே அதுதான். இன்று அது ‘அப்லோட்’ என்ற ஒற்றை வினையாகச் சுருங்கிவிட்டது. 1930களில் பெஞ்சமின் சினிமாமீது நம்பிக்கை வைத்ததற்கு ஒரு காரணம், ஓவியம்போலன்றி அது கூட்டமாகப் பார்க்கப்படுகிறது என்பது. கைபேசியோ அந்தக் கூட்டத்தைக் கலைத்து, ‘வியூஸ்’ என்று எண்ணிக் கையில் கொடுக்கிறது.

பழைய ஊடகங்களின் சரிவுக்கு நான் ஒப்பாரி வைப்பதாக எண்ண வேண்டாம். ஆனந்த் பட்வர்தன் 1995இல் முடித்த ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்தை ஒளிபரப்பும்படி தூர்தர்ஷனுக்கு உச்சநீதிமன்றம் 2006இல்தான் சொன்னது. 11 ஆண்டுகள்! அந்தப் பெட்டி சரிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் அது பொதுப்பணத்தில் நடப்பது, ‘ஏன் காட்டமாட்டாய்?’ என்று வழக்குப் போட முடிந்தது. ஒரு கம்பெனியின் அல்காரிதம் படத்தை யார் கண்ணிலும் படாமல் அடியில் தள்ளினால் யார்மேல் வழக்குப் போடுவது? மறுப்புக் கடிதம்கூட வராதே.

‘எவனும் தடுக்க முடியாது’ என்பதும் மெய்யல்ல. 2023 ஜனவரியில், மோடி குறித்த பி.பி.சி. ஆவணப்படத்தின் (பெரிய நிறுவனத்தின் படம்தான், இருக்கட்டும்) இணைப்புகளை யூட்யூபிலும் ட்விட்டரிலும் முடக்க, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் உள்ள அவசர அதிகாரத்தை ஒன்றிய அரசு பயன்படுத்தியது. தில்லி ஜே.என்.யு.வில் மாணவர்கள் திரையிட இருந்த இரவில் மின்சாரம் போனது. அவர்கள் கலைந்துவிடவில்லை. இருட்டில் சேர்ந்து உட்கார்ந்து கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் பார்த்தார்கள். கருவி அதேதான், பார்த்த விதம் வேறு.

நம் பக்கத்துக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். வாடகை புரொஜக்டரும் வேட்டித் திரையுமாக நாங்கள் நடத்திய திரையிடல்களில் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள்? இரவு ஒன்பது மணிக்குப் படம் வைத்துவிட்டு ‘பொதுவெளி’ என்று பேசிக்கொண்டிருந்தோம். ‘கக்கூஸ்’ பற்றி என்னிடம் விரிவாகப் பேசிய பெண்கள் எல்லோரும் அதைச் செல்போனில்தான் பார்த்திருந்தார்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்துவைத்து. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

படமெடுக்கும் நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இணைப்பைப் பொதுவில் விடுவதற்கு முன் மூன்று மாதமாவது படத்தை ஊர்களுக்குக் கொடுங்கள். திரை நாங்கள் கட்டுகிறோம். மண்டபத்தில் வேண்டாம், அவர்கள் தெருவிலேயே, அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில்.