ஊக்கத்தை அளக்கும் கோல்

கல்விக்கு ஊக்கம் வேண்டும் என்பதை அறியாதார் இலர். அவ்வூக்கம் தளருங்கால் மாணவன் அதனைத் தானே எவ்வாறு மீட்கின்றான் என்பதே ஆராய்தற்குரியது. திருக்குறளில் ஊக்கமுடைமை 60 ஆம் அதிகாரமாகவும் ஆள்வினையுடைமை 62 ஆம் அதிகாரமாகவும் அமைய, இரண்டற்கும் நடுவே மடியின்மை நிற்கின்றது. ஊக்கம் முயற்சியாக மாறுதற்கு இடையில் ஒரு காவல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும்.

இக்காவலை எண்ணால் அளக்க மேனாட்டு உளநூலார் முயன்றுள்ளனர். 1991 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பின்றிச்சும் அவர்தம் துணைவரும் 81 கூற்றுக்கள் கொண்ட வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றும் தனக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை மாணவன் 1 முதல் 7 வரையுள்ள எண்ணொன்றாற் குறித்தல் வேண்டும். முயற்சி தளராமை பற்றிச் சில கூற்றுக்கள் அதன்கண் உண்டு. எனினும் ஊக்கத்தை மீட்கும் வழிகளை அது வகைப்படுத்தி வினவவில்லை. அக்குறையை நிரப்பப் புகுந்தவர் வோல்ற்றேர்ஸ். அவரும் பென்சனும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு அவ்வழிகளை ஆறாக வகுத்தது: பாடத்தின் பயனை நினைத்தல், பெறும் புள்ளியை நினைத்தல், அறிவுத் தேர்ச்சியை நினைத்தல், பாடத்தைச் சுவையுடையதாக்கல், தனக்குத் தானே பரிசு விதித்தல், படிக்கும் சூழலைத் திருத்தல்.

பகுப்பு நன்று. ஊக்கம் என்னும் ஒரு சொல்லினுட் பல தொழில்கள் அடங்கியிருத்தலை அது விளக்கிற்று. "ஊக்கமாய்ப் படி" என்று கூறி அமையும் ஆசிரியர், எவ்வழியைக் கற்பிப்பது என எண்ணவும் இடந்தந்தது. ஆயினும் மூன்று தடைகள் எழுகின்றன.

முதலாவது, இக்கோல் ஒருவன் ஒரு வழியை எத்துணை கையாள்கின்றான் என்பதையே காட்டும். அவ்வழி அவனுக்கு வேண்டுமா என்பதைக் காட்டாது. பாடத்தில் இயல்பாகவே விருப்புடையானுக்குப் பரிசு விதித்துக்கொள்ளும் தேவை எழாது. அவன் பெறும் தாழ்ந்த எண் குறைபாடாகுமோ? மருந்தை மிகுதியாக உண்பவனே உடல்நலம் மிக்கவன் என்பார் உளரோ?

இரண்டாவது, சூழல். சரவணையிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் பஸ் வண்டியிற் சென்று மீளும் மாணவி ஒருத்தியைக் கருதுக. வீட்டில் அறை ஒன்று, தம்பியர் இருவர். படிக்குமிடத்தைத் தேர்தல் அவள் கையிலில்லை. அவள் இடும் குறைந்த எண் இடத்தின் வறுமையைக் காட்டுமேயன்றி உளத்தின் வறுமையைக் காட்டாது.

மூன்றாவது, குடும்பக் கடன். தன் கல்வி பெற்றோரின் உழைப்புக்குக் கைம்மாறு என்னும் எண்ணமே நம் மாணவர் பலரை நள்ளிரவிலும் விளக்கின்முன் இருத்துகின்றது. அவ்வாறு வழிகளுள் இதற்குத் தனியிடம் இல்லை. மொழிபெயர்த்த மாத்திரத்தால் ஓர் அளவுகோல் நமதாகிவிடாது.

இவை கூறியதனாற் கோலை எறிந்துவிடுதல் வேண்டும் என்பது கருத்தன்று. பெற்ற எண்ணைக் கொண்டு ஒருவரை மடியர் எனத் தீர்த்தலே கொடிது. உதவி வேண்டி நிற்பவர் பழி சுமந்து விலகுவர். வோல்ற்றேர்ஸ் 1998 இல் தம் ஆய்வைத் தொடங்கியபொழுது, படிப்பில் மனந்தளருங்கால் யாது செய்வீர் என மாணவரையே வினவி, அவர்தம் சொற்களிலேயே விடைபெற்றார். நாம் கொள்ளத்தக்கது அவர் முடிவில் வகுத்த பட்டியலன்று; அத்தொடக்கமே. தீவகத்து மாணவர் தம் விடைகளைத் தாமே எழுதுவாராக. அவற்றினின்று கூற்றுக்களை அமைப்போமாக. அளக்கப்படுவோரின் வாழ்வை அறிந்த கோலே நேரிய கோலாகும்.